ரேவதி பதினொன்னு பன்னெண்டு வரைக்கும்

"இல்லடா லிங்கம், எனக்கு ஒண்ணும் குழம்பல. அம்மாவுக்குத் திதி இன்னிக்குத்தான், அஷ்டமிதான், நாளைக்கு இல்ல. உசுரு போனப்ப நீ ஈரோட்டுல இருந்த, நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாம உனக்குத் தெரியுமா?" ராஜாமணி போன்ல சொன்னது இம்புட்டுத்தான். சொன்ன பெறகுதான் என்ன சொன்னோம்னு அவ காதுலயே விழுந்துச்சு. முப்பத்தி நாலு வருசமா பல்லுக்குள்ள அடக்கி வச்சிருந்தது, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு முந்தானையில கையைத் தொடைக்கிற நேரத்துல, ஏப்பம் மாதிரி தானா வெளிய வந்துருச்சு. அந்தப் பக்கம் தம்பி சிரிச்சான். "என்னக்கா நீ, வருசா வருசம் நவமியிலதானே குடுக்குறோம், நீதானே காலண்டரப் பாத்து நாள் சொல்லுவ. நாளைக்குக் காலையில வர்றதுக்கு பஸ்ஸுல சீட்டு போட்டு வச்சிருக்கேன், இப்ப வந்து இன்னிக்குங்கிற. போனைக் கோமதிகிட்டக் குடு." குடுத்தா. மக கோமதி போனை வாங்கிக்கிட்டு அடுப்படிப் பக்கமா நகர்ந்து, கொரலைத் தணிச்சு, "ஆமா மாமா, இப்பல்லாம் அம்மாவுக்கு லேசாத் தடுமாறுது, போன வாரம் பால் கவரை பீரோவுக்குள்ள வச்சுட்டாக, திங்கக்கிழம டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன்"னு சொன்னா. ராஜாமணிக்குக் காது மட்டும் நல்லாக் கேக்கும். பால் கவர் விசயம் வாஸ்தவம். ஆனா அது மறதி இல்ல, வாசல்ல யாரோ மணி அடிச்சாக, ஒரு கையில பாலு, ஒரு கையில துணி, துணிக்குப் பதிலா பாலு உள்ள போயிருச்சு, யாருக்குத்தான் நடக்கல. இதைச் சொல்லப்போனா இன்னும் பேச்சு வளரும். லிங்கத்துக்கு இப்ப அவசரம் வேற. அவனுக்கு அறுவத்தாறு வயசு, முட்டி ஒத்துழைக்கல, இனி வருசா வருசம் உக்காந்து எந்திரிச்சுத் திதி குடுக்க முடியாதுங்கிறான். அழகர்கோயில் ரோட்டுல ஒரு முதியோர் இல்லத்துல பேசி வச்சிருக்கான். அம்மா திதியன்னிக்கு வருசந்தோறும் அங்க இருக்குற எல்லாருக்கும் சாப்பாடு, நம்ம காலத்துக்குப் பெறகும் நடக்கும், பேரும் திதியும் செவுத்துல எழுதிருவாக, சீனியம்மாள், ஆனி மாசம், தேய்பிறை இன்ன திதின்னு. பெயின்டர் வந்து உக்காந்திருக்கானாம். நாலு மணிக்குள்ள சொல்லணுமாம். "யோசிச்சு வையிக்கா, நாலு மணிக்குக் கூப்பிடுறேன்"னு வச்சுட்டான்.

யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு. யோசிச்சு யோசிச்சுத்தானே மண்டை தேஞ்சு போச்சு. ராஜாமணி கட்டில்ல சாஞ்சா. ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருக்கா டிக்குனு சத்தம் போடுது, மருமகன் எண்ணெய் விடுறேன் விடுறேன்னு ரெண்டு மாசமாச் சொல்றாரு, நல்ல மனுசன், ஆனா ஸ்டூல் மேல ஏறுறதுன்னா அவருக்குப் பயம், கல்யாணத்துல மாலை மாத்துறப்பக்கூட அவரைத் தூக்க வந்தவுகளைத் தொடவிடலயே. அது கெடக்கட்டும். எங்க விட்டேன். திதி. திதியில என்ன இருக்கு, ஒரு நாள் முன்ன பின்னன்னு லிங்கம் நெனைப்பான். அஷ்டமியா நவமியாங்கிறது அவனுக்கு ஒரு காலண்டர்த் தாளு. ராஜாமணிக்கு அது அப்படி இல்ல. இது வெளங்கணும்னா ஆரப்பாளையத்துக் காம்பவுண்டு வீட்டைச் சொல்லணும். ஒரே வாசல், உள்ள எட்டுக் குடித்தனம், ஒரு குடித்தனத்துக்கு ஒரு ரூமு, ரூமு மூலையில தடுப்பு வச்சு அடுப்படி. ராஜாமணியும் புருசனும் மக கோமதியும் அம்மா சீனியம்மாவும் அந்த ஒரே ரூமுக்குள்ளதான். வீட்டுக்காரம்மா ஜெகதாம்பா மாடியில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும், யாரு வீட்டுல எத்தன தடவை குக்கர் விசில் அடிக்குதுன்னு அதுக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு சாஸ்திரம்னா உசுரு. சில நட்சத்திரத்துல சாவு விழுந்தா அந்த வீட்டுக்கு அடைப்பு. அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரத்துக்கும் ஆறு மாசம். செத்த ரூமைப் பூட்டிப் போடணும், யாரும் பொழங்கக் கூடாது, பொணத்தை வாசல் வழியாக்கூட எடுக்கக் கூடாது, செவுத்தை இடிச்சு அந்த ஓட்டை வழியாத்தான் எடுக்கணும். நாலாவது குடித்தனத்து டெய்லரோட அப்பா சதயத்துல போயிட்டாரு. ஜெகதாம்பா மாடியை விட்டு எறங்கி வந்து நின்னு, செங்கல்லை உருவச் சொல்லி, அவரை அது வழியா எடுத்தாக. ரூமுக்குப் பூட்டு. டெய்லரு பொண்டாட்டி புள்ளகளோட தையல் மிஷினைத் தூக்கிக்கிட்டு நடையில கெடந்து பாத்தாரு, மழை வந்துச்சு, போயிட்டாரு. எங்க போனாருன்னு தெரியல. எனக்கு ஒரு ஜாக்கெட்டு தைக்கக் குடுத்திருந்தேன், பச்சை, அதுவும் அவரோட போயிருச்சு. ஒரு ரூமு உள்ளவன் அந்த ரூமைப் பூட்டிட்டு எங்க போவான். சாமி கணக்குப் போடுறப்ப மூணு கட்டு வீட்டுக்காரனை மனசுல வச்சுத்தான் போட்டிருக்கும் போல.

அம்மாவுக்கு அப்பவே மூச்சு சரியில்ல. இருவத்திரெண்டு வருசம் மில்லுல நின்னவ. அப்பா போறப்ப அவளுக்கு இருவத்தெட்டு வயசு, ராஜாமணிக்கு ஒம்பது, லிங்கம் நாலு. அருப்புக்கோட்டையில இருந்து ஒரு டிரங்குப் பெட்டியோட மதுரைக்கு வந்து மில்லுல சேந்தா. சாயங்காலம் சங்கு ஊதி வெளிய வந்தா தலை பூரா பஞ்சு, புருவத்துல பஞ்சு, காது மடலுக்குள்ள பஞ்சு, இவ ஒரு பொழுதுக்குள்ள கெழவியாயிட்டாளான்னு லிங்கம் பயந்து அழுவான். பஞ்சு வெளிய மட்டுமா ஒட்டுச்சு, உள்ளயும்தானே போச்சு. மிஷின் சத்தத்துல காதும் மந்தமாயிருச்சு, அதனால அவளுக்கு மெதுவாப் பேசவே தெரியாது. ரகசியம் சொல்றேன்னு ராஜாமணி காதுக்கிட்ட வாயை வச்சு அவ சொன்னா தெருவுக்கே கேக்கும். இந்த மாப்பிள்ளைக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கல்தான், பரவால்லன்னு அவ ரகசியம் சொன்னது, பொண்ணு பாக்க வந்து கூடத்துல உக்காந்திருந்த மாப்பிள்ளைக்கே கேட்டுச்சு. அவுக சாகுற வரைக்கும் சிரிக்கிறப்ப வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சாக. ஒருக்கா சித்திரைத் திருவிழாவுல, அழகர் எறங்குற அன்னிக்கு, கூட்டத்துல அம்மா கை விட்டுப் போச்சு. தேடித் தேடிக் காலு ஓஞ்சு நிக்கிறப்ப மைக்குல சொல்றான், ராஜாமணிங்கிற பொண்ணு காணாமப் போயிருச்சு, மஞ்சச் சேலை, அடையாளம் மோவாயில மச்சம், அவுங்கம்மா பூத்துல காத்துக்கிட்டு இருக்காகன்னு. அப்ப ராஜாமணிக்கு முப்பத்தி மூணு வயசு, இடுப்புல நாலு வயசுக் கோமதி. பூத்துக்குப் போனா போலீஸ்காரரு மேலயும் கீழயும் பாக்குறாரு, "இதுவாம்மா உங்க புள்ள?" அம்மா கொஞ்சமும் கூசல. "ஆமாய்யா, இதுக்கு வழி தெரியாது, நான்தான் கூட்டிட்டுப் போகணும்." வீடு வர்ற வரைக்கும் ராஜாமணி கையை அம்மா விடல. வேர்த்த கை. மில்லு வேலையில தோலு காய்ச்சுப் போன கை, எப்பவும் ஜில்லுன்னு இருக்கும், அக்கினி நட்சத்திரத்துல கூட ஜில்லுன்னுதான் இருக்கும். அந்தக் கை ஜில்லுங்கிறதுலதான் எல்லாம் வந்து நிக்குது. அதை இப்ப நெனைக்க வேண்டாம். பொறவு நெனைப்போம்.

மில்லுல பேச்சு கேக்காதுல்ல, அதனால பொம்பளைக எல்லாம் சாடையில பேசிக்கிருவாக. கை ரெண்டும் நூல்ல இருக்கும், அதனால ஆகட்டும் சரிங்கிறதுக்குக் காலுதான். கட்டை வெரலை ரெண்டு ஆட்டு ஆட்டுனா ஆகட்டும்னு அர்த்தம். வேலைய விட்டு நின்ன பெறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகல. படுத்துக்கிட்டே இருப்பா, சோறு வைக்கவாம்மான்னா, கட்டை வெரல் ரெண்டு தடவை ஆடும். அதைப் பாத்துக் கோமதியும் படிச்சுக்கிட்டா. பள்ளிக்கூடம் கெளம்புறப்ப அம்மாச்சி காலைத் தொட்டு, "போய்ட்டு வரேன் அம்மாச்சி"ம்பா, அம்மாச்சி வெரலை ஆட்டும், இது சிரிச்சுக்கிட்டே ஓடும். நித்தமும் நடக்குற விசயம். கோமதிக்கு ரெட்டை ஜடை பின்னிவிடுறதும் அம்மாச்சிதான், வகிடு எடுத்தா அளவுகோல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும், மில்லுல நூலு பிரிச்ச கையில்ல. ராஜாமணி பின்னுனா கோணிக்கிட்டுப் போகுதுன்னு அது பிடுங்கி எறிஞ்சிரும். கடைசிக் கொஞ்ச நாளு அம்மாவால எந்திரிச்சு உக்காந்து பின்ன முடியல. மூச்சு வாங்கும், நடுவுல நின்னுரும், அப்புறம் ஒரு இழுப்பு இழுத்துத் திரும்பவும் வரும். போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெளக்கு வச்ச பெறகு அம்மா கேட்டா, "இன்னிக்கு என்ன நட்சத்திரம்?" அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காலண்டர்த் தாளை ராஜாமணிதான் படிச்சுச் சொல்லணும். உத்திரட்டாதின்னா. "அது ஆகாதுல்ல?" ஆகாதும்மா. "நாளைக்கு?" ராஜாமணி தாளைத் தூக்கிப் பாத்தா. ரேவதி, காலை 11.12 வரைக்கும், பெறகு அசுவினி. அஷ்டமி 8.34 வரைக்கும், பெறகு நவமி. "ரேவதியும் ஆகாது. அசுவினி?" அசுவினிக்கு ஒண்ணும் இல்லம்மா. "அப்ப பதினொன்னு பன்னெண்டு வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்குறேன், உன்னை டெய்லரு மாதிரி தெருவுல விட்டுறமாட்டேன்." இதையும் மெதுவாச் சொல்றதா நெனச்சுக்கிட்டுத்தான் சொன்னா. பக்கத்துக் குடித்தனத்துல ரேடியோவோட சத்தத்தைக் கொறச்சாக. ராஜாமணி, "கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு, கஞ்சியக் குடி"ன்னா. அம்மா வெரலை ஆட்டுனா.

காலையில அஞ்சரை. பால்காரன் சைக்கிள் மணி கேட்டுத்தான் முழிச்சா. புருசன் முந்தின நாளே கண்டக்டர் டூட்டியில ராமநாதபுரம் போயிட்டாக. கோமதி சுருண்டு தூங்குது. அம்மா பக்கத்துல மூச்சுச் சத்தம் இல்ல. அந்தச் சத்தம் ஆறு மாசமா ரம்பம் அறுக்குற மாதிரி ஓடிக்கிட்டே இருந்துச்சு, அது நின்னதும் ரூமு பெருசாயிட்ட மாதிரி இருந்துச்சு. வாயி லேசாத் தெறந்திருக்கு. கையைத் தொட்டா, ஜில்லு, ஆனா அது எப்பவும் ஜில்லுதானே. மூக்குக்குக் கீழ வெரலை வச்சுப் பாத்தா, டேபிள் ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு, காத்து அடிக்குது, அது ஃபேன் காத்தா அம்மா காத்தா தெரியல. ஃபேனை நிப்பாட்டி வச்சுப் பாத்திருக்கலாம்ல. நிப்பாட்டல. ஏன் நிப்பாட்டல. இந்த எடத்துலதான் நூலு சிக்கிக்கிரும், முப்பத்தி நாலு வருசமா இந்த எடத்துலதான் சிக்குது. ஃபேனு அம்மாவுக்கு அங்கிட்டு இருந்துச்சு, ஸ்விட்ச் ஒரு கை எட்டுற தூரம். கை நீண்டுச்சா இல்லையா. நீளல. நிப்பாட்டிப் பாத்து இல்லைன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் தெரிஞ்சதாயிரும், ரேவதியில போனதாயிரும். அதனால நிப்பாட்டலயா. இல்ல, அவ்வளவு தூரம் யோசிக்கல, பயம்தான். பயத்துல கத்தியிருக்கணும்ல, கத்தவும் இல்ல. எந்திரிச்சு, அம்மாவோட காலை நேரா நீட்டி, போர்வைய மார்பு வரைக்கும் இழுத்துவிட்டு, வாயைக் கையால மெல்ல மூடி, பாலை வாங்கிக் காய்ச்சப் போயிட்டா. மணி ஆறு. பதினொன்னு பன்னெண்டுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் கெடக்கு. அந்த அஞ்சு மணி நேரத்துல ராஜாமணி எலுமிச்சஞ்சோறு கிண்டுனா, உருளைக்கிழங்கு வறுத்தா, டப்பா கட்டுனா. மூணாவது குடித்தனத்து சரோஜா உறைமோர் கேட்டு வந்து வாசப்படியில நின்னா. "என்ன மதினி, உங்கம்மா இன்னும் எந்திரிக்கலயா?" "விடியக் காலையிலதான் கண்ணசந்தா." "சத்தமே காணோமே." "மருந்து குடுத்திருக்கு." எம்புட்டு சுளுவா வந்துச்சு வாயில. ஒரு கரண்டி மோரை ஊத்திக் குடுத்தா. கை நடுங்கல. அந்தக் கை நடுங்கலங்கிறதுதான் இன்னிக்கு வரைக்கும் அவளுக்குப் பயம்.

கோமதி எந்திரிச்சுக் குளிச்சுச் சட்டை மாட்டுச்சு. "அம்மாச்சி தூங்குது, சத்தம் போடாத"ன்னு ராஜாமணியே ஜடை பின்னிவிட்டா, கோணிக்கிட்டுத்தான் போச்சு, அன்னிக்கு என்னமோ அது பிடுங்கல. எட்டே முக்காலுக்குப் பையை மாட்டிக்கிட்டு, ராஜாமணி அடுப்படித் தடுப்புக்குப் பின்னால டப்பாவை எடுத்துக்கிட்டு வர்ற நேரத்துக்குள்ள, காலுக்கிட்டப் போய் நின்னு தொட்டுருச்சு. "போய்ட்டு வரேன் அம்மாச்சி." ராஜாமணிக்கு உசுரே இல்ல. ஐயோ, ஜில்லுன்னு இருக்குமே, புள்ளை கேக்கப்போகுதேன்னு நிக்கிறா. புள்ளை திரும்பிச் சிரிச்சுச்சு. "அம்மாச்சி வெரலை ஆட்டுச்சும்மா." ஓடிருச்சு. வாசல் வரைக்கும் செருப்புச் சத்தம். மணி எட்டே முக்கா. அஷ்டமி முடிஞ்சு பதினோரு நிமிசம். இதைப் பெறகுதான் கணக்குப் பாத்தா, பல தடவை பாத்தா. அப்ப பாக்கல. அப்ப தோணுனது ஒண்ணுதான், பழக்கத்துல புள்ளைக்கு அப்படித் தோணிருக்கும். போர்வை அசைஞ்சிருக்கும். ஃபேன் காத்து. ஆமா, ஃபேன் காத்துல போர்வை ஆடியிருக்கும். போய்ப் பாத்தாளா? பாக்கல. செவுத்துல சாஞ்சு உக்காந்து காலண்டருக்குப் பக்கத்துல இருந்த கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. பதினொன்னு இருவதுக்கு எந்திரிச்சு வாசலுக்குப் போய், அம்மா போயிட்டாளேன்னு கத்துனா. அந்தக் கத்தல் நெசம். அதுல ஒரு பொய்யும் இல்ல. எட்டுக் குடித்தனமும் ஓடி வந்துச்சு. மாடியில இருந்து ஜெகதாம்பா முதல்ல கேட்டது, "எத்தன மணிக்கு?" "இப்பத்தான், பதினொன்னேகாலுக்கு." அந்தம்மா வெரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "புண்ணியவதி, அசுவினியில போயிருக்கா"ன்னு வாசல் வழியா எடுக்க விட்டுச்சு. வெளியூருக்குத் தகவல் போய், லிங்கம் சாயங்காலம் வந்து எறங்கி, அக்காவைக் கட்டிக்கிட்டு அழுதான். அவன் கேட்டதுக்கும் அதேதான், பதினொன்னேகால்.

இம்புட்டோட முடிஞ்சிருந்தா அஷ்டமின்னு என்னிக்கோ சொல்லியிருக்கலாம். ஜெகதாம்பாவும் போயாச்சு, காம்பவுண்டை இடிச்சு இப்ப செல்போன் கடை, அங்க அஞ்சு நட்சத்திரமும் நடமாடுது. ஆனா கோமதி இருக்காளே. பள்ளிக்கூடத்துல இருந்து ஆளு விட்டு அவளைக் கூட்டியாந்தப்ப அழுத அழுகைக்கு நடுவுல சொன்னது, "அம்மாச்சி என்கிட்ட மட்டும் சொல்லிட்டுத்தாம்மா போச்சு." எட்டு வயசு. அதைக் கேட்டுச் சுத்தி இருந்த பொம்பளைக எல்லாம் இன்னும் ஒரு தரம் அழுதாக. அந்தச் சொல்லைப் புடிச்சுக்கிட்டே வளந்தா. பத்தாவதுல கணக்குப் பரிட்சைக்குப் போறப்ப, அம்மாச்சி வெரலை ஆட்டிருச்சும்மா, பாஸாயிருவேன்னா. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணழைப்புல காரு கெளம்புறப்ப, செருப்புக்குள்ள கட்டை வெரலை ரெண்டு தடவை ஆட்டிக் காமிச்சா, ராஜாமணிக்கு மட்டும் தெரியிற மாதிரி. மொதப் புள்ளைக்கு வலி எடுத்தப்பவும் அதான். இப்ப பன்னெண்டாங் கிளாசுக்குக் கணக்கு எடுக்குற டீச்சரம்மா, நாப்பத்திரெண்டு வயசு, இன்னும் பரிட்சைக்குப் போற புள்ளைககிட்ட இதைச் சொல்லுவாளாம். அவகிட்டப் போயி அஷ்டமின்னு சொன்னா என்ன ஆகும். கணக்கு டீச்சரு. தாளைத் தேடி எடுத்துருவா, அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தை போன்லயே பாத்துருவா, அஷ்டமி 8.34 வரைக்கும், நான் காலைத் தொட்டது 8.45, அப்ப நான் தொட்டது என்னம்மான்னு கேப்பா. என்ன சொல்றது. ஒரு எட்டு வயசுப் புள்ளை கையில அந்தக் காலைத் தொட விட்டவ நானுன்னு சொல்றதா. சரி, அஷ்டமி வேண்டாம், நவமியே இருக்கட்டும்னா, அது இன்னும் மோசம். நவமின்னா புள்ளை சொன்னது சரி. வெரல் ஆடுச்சு. ஆடுச்சுன்னா எட்டே முக்காலுக்கு அம்மாவுக்கு உசுரு இருந்துச்சு. சொன்ன மாதிரி இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. ரெண்டு தெரு தள்ளி டாக்டரு இருந்தாரு, ஆளுக்கு ஆளு ஓடி வர எட்டுக் குடித்தனம் இருந்துச்சு, ராஜாமணி செவுத்துல சாஞ்சு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கல. வாயை வேற மூடிவிட்டாளே, அவ கையால. அஷ்டமின்னா புள்ளைக்குப் போச்சு. நவமின்னா அவளுக்குப் போச்சு. இந்த ரெண்டுல எது நெசம்னு அவளுக்கே தெரியாதுங்கிறதுதான் கொடுமை. மனசு சாயிற நேரத்துல எல்லாம் அஷ்டமி, அஷ்டமின்னு சொல்லிக்கிருவா. அதான் இன்னிக்கு வாய் தவறி வந்துருச்சு.

குளிப்பாட்டுனது காமாட்சியக்கா. ஏழாவது குடித்தனம். அதுக்குத் தெரியும், எத்தனையோ பேரைக் குளிப்பாட்டுன கை. தண்ணி ஊத்துறப்ப ராஜாமணி காதுக்கிட்டக் குனிஞ்சு ஒண்ணு சொல்லுச்சு. அது என்னங்கிறதுதான் இப்ப பிடிபட மாட்டேங்குது. "இப்பத்தாங்கிற, கட்டையா வெறைச்சிருக்கே"ன்னு சொன்ன மாதிரி இருக்கு. அந்த மாதிரிதான் ரொம்ப நாளா நெனப்பு. ஆனா சில நாளைக்கு, அதே கொரல்ல, அதே சொம்புச் சத்தத்தோட, "இன்னும் சூடு ஆறல பாரு"ன்னு சொன்ன மாதிரியும் இருக்கு. ரெண்டும் காமாட்சியக்கா கொரலுதான். ரெண்டுலயும் அதோட வாயில வெத்தல வாசம். ஒண்ணு நெசம், ஒண்ணு நானா ஜோடிச்சுக்கிட்டது, எது எதுன்னு தெரியல. காமாட்சியக்காவைக் கேட்டிருக்கலாம், பதினஞ்சு வருசம் அது இருந்துச்சு, மார்க்கெட்டுல பாத்தா கத்திரிக்காயைப் பத்திப் பேசிட்டு வந்துருவா. கேட்டா பதில் சொல்லிருமேன்னு பயம். இப்ப அதுவும் இல்ல. திங்கக்கிழம டாக்டர்கிட்டக் கோமதி கூட்டிட்டுப் போறாளாம். அவரு என்ன கேப்பாரு, இன்னிக்கு என்ன கெழமை, பிரதமர் யாரு, நூறுல இருந்து ஏழைக் கழிச்சுக்கிட்டே வாங்கம்பாரு. கழிப்பேன். நல்லாவே கழிப்பேன். காமாட்சியக்கா என்ன சொல்லுச்சுன்னு அவரு கேக்கப்போறதில்ல. அலுத்துப் போச்சு சாமி. ஒரே கல்லைத் தூக்கி இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டே ஒரு ஆயுசு போயிருச்சு. கீழ வைக்கவும் எடம் இல்ல. கண்ணை மூடுனா டேபிள் ஃபேனு ஓடுது. இது மேல ஓடுற ஃபேனு, டிக்கு, டிக்குங்குது. ஆறு மாசம் ரம்பம் மாதிரி ஓடுன மூச்சு நின்ன பெறகு அந்த ரூமுல இருந்த அமைதி இருக்கே, அது இவளுக்குள்ள இன்னும் போகல. அதை மறைக்கத்தான் இவ ஓயாம பேசுறான்னு யாருக்குத் தெரியும். லொடலொடன்னு பேசுற பொம்பளைன்னு தெருவுல பேரு.

போன் அடிச்சுச்சு. மணி நாலாகப் பத்து நிமிசம். கூடத்துல டெஸ்ட் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த கோமதி போனைக் கொண்டாந்து குடுத்துட்டு, செவப்புப் பேனாவைக் காதுல செருகிக்கிட்டு அங்கனயே நின்னா. "என்னக்கா, யோசிச்சியா? பெயின்டரு பிரஷ்ஷை நனைச்சு வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கானாம்." ராஜாமணி எந்திரிச்சு உக்காந்தா. பாதம் தரையில பட்டுச்சு, டைல்ஸு ஜில்லுன்னு. மக மொகத்தைப் பாத்தா. வகிட்டுல ரெண்டு நரை. "லிங்கம், நவமின்னே எழுதச் சொல்லுடா." "அதான் நான் அப்பவே சொன்னேன்ல." "ஆமா. எனக்குத்தான் தப்பிப் போச்சு. இன்னிக்குப் பைரவர் கோயிலுக்குப் போகணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், அந்த அஷ்டமியும் இந்த அஷ்டமியும் ஒண்ணாக் கலந்துருச்சு." லிங்கம் சந்தோசமாச் சிரிச்சான். "வயசாச்சுக்கா உனக்கு. டாக்டர்கிட்டப் போயிட்டு வா, ஒண்ணும் இருக்காது." வச்சுட்டான். முப்பத்தி நாலு வருசத்துல மொத தடவையா அந்தச் சொல்லை அவ, அது யாரு தலையில விழும்னு தெரிஞ்சே சொன்னா. அன்னிக்குச் சொன்னது வீட்டுக்காக. இது வேற. அந்தப் பழியைத் தானே எடுத்துக்கிட்டா, அம்புட்டுதான். யாராவது ஒருத்தர் எடுத்துக்கணும்ல.

"என்னம்மா, பயமுறுத்திட்டீங்க"ன்னு கோமதி பக்கத்துல உக்காந்தா. "நான்கூட நிஜமாவே மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன். அஷ்டமியா இருந்தா அம்மாச்சி எனக்கு எப்படி டாட்டா சொல்லியிருக்கும்?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா சொல்லிட்டு அம்மா மொகத்தைப் பாத்தா, ஒரு நொடி கூடுதலாப் பாத்தா. கணக்குப் போட்டிருக்கா. மத்தியானத்துல இருந்து பேப்பர் திருத்துனாளோ இதைத் திருத்துனாளோ. ராஜாமணி அந்தப் பார்வையை விடாம வாங்கிக்கிட்டா. "கோமதி, அன்னிக்கு அம்மாச்சி எந்தக் காலை ஆட்டுச்சு?" "வலது காலும்மா. கட்டை வெரலு. ரெண்டு தடவை." "வலதுதான்." தலையாட்டிக்கிட்டா. "நானும் பாத்தேன். டப்பாவை எடுத்துக்கிட்டுத் தடுப்பு ஓரமா நின்னேன்ல, பாத்தேன். ரெண்டு தடவை." கோமதி காதுல இருந்த பேனாவை எடுத்து மூடுனா, தெறந்தா, மூடுனா. "இதை நீங்க சொன்னதே இல்லையேம்மா." "கேட்டாத்தானே சொல்றதுக்கு. ஊரு கதை எல்லாம் கேப்ப." மகளுக்குக் கண்ணு கலங்கிருச்சு, மொகத்தை முந்தானையில தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு வெடுக்குன்னு கூடத்துக்குப் போயிட்டா. ராஜாமணிக்குக் கையி லேசா நடுங்குச்சு. அதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா. வாசல்ல யாரோ சைக்கிளை நிப்பாட்டி, பொத்துன்னு என்னத்தையோ போட்டுட்டு மணி அடிச்சுட்டுப் போற சத்தம். நாளைக்குத் திதிக்குச் சொல்லிவிட்டது, இன்னிக்கே கொண்டாந்துட்டான். "கோமதி, வாழையெலைக் கட்டை வாசல்ல போட்டுட்டுப் போறான் பாரு, மேக்க வெயில் நேரா அடிக்கும், நாளைக்குள்ள வாடிப் போகும். எடுத்துட்டு உள்ள வாம்மா."